பிளெக்ஸில் என் பட்டம்

தாய்மாமன் என்றால் காதுகுத்து பிளெக்ஸில் ஆளுயரப் படம் உண்டு. படம் இருந்து என்ன செய்ய? எழுமலையில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு வால். வழக்கறிஞர், பொறியாளர், ஒன்றியச் செயலாளர். சீர்த்தட்டு தூக்கும் என் பெயர் மட்டும் மொட்டையாக நிற்பதா? சிம்மக்கல் மொத்தக் கடையில் பில் போடுகிறவன் என்றா அடிக்க முடியும்? மானப் பிரச்சினை. யோசித்து ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்: ‘ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்.’

என் மனைவி முனீஸ்வரி துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்பிடி என்னத்தச் செஞ்சீக?”

எங்கள் கடையில் ஓடுவது ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய இலவச பில் செயலி. அதன் உதவிக் குறிப்பில் ஒரு வரி தப்பு. இடப்பக்கப் பொத்தான் என்றிருந்ததை வலப்பக்கம் என்று திருத்தி அனுப்பினேன். ஜெர்மனியில் யாரோ ஒரு புண்ணியவான் அதை ஏற்றுக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இந்த வீர வரலாற்றை விளக்கினேன்.

“ஒத்த வரிக்கு டெவலப்பரா?”

“எம்புட்டு வரிங்கிறது கணக்கே இல்ல. தப்பக் கண்டா யாரு வேணாலும் திருத்தலாம். திருத்துனவன் டெவலப்பர். அம்புட்டுத்தான்.”

“எழுதுனவர்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?”

“வேணாம். எடுத்து மாத்திக்கிற வேண்டியதுதான். அதனாலதான் அது ஓப்பன்.”

“சரிங்க” என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே நான் பயந்திருக்க வேண்டும். நானோ கொள்கை வீரனாகி, பிளெக்ஸ் டிசைனைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று முழங்கினேன். கடைசியாக யார் திருத்தி அனுப்புகிறார்களோ அதையே அடிக்கும்படி பிளெக்ஸ் கடைக்காரரிடமும் சொல்லிவைத்தேன்.

காதுகுத்து அன்று மண்டப வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். என் படத்துக்குக் கீழே ‘முனீஸ்வரியின் வீட்டுக்காரர்’. பக்கத்தில் அவள் படம். அதன் கீழே ‘ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்’.

“என்னடி இது?”

“ஒரு வரி தப்பா இருந்துச்சு, திருத்துனேன். திருத்துனவுகதான் டெவலப்பர்னு நீங்கதான சொன்னீக?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை வீட்டுக்காரர் வெள்ளைத்துரை செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி பிளெக்ஸைப் படமெடுக்க வந்தார்.

“மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டெவலப்பர மறைக்கிறீக.”