உமக்கு மட்டும்தான்

அரிசி மூட்டைக்குள் எவ்வளவு அழுத்தியும் துப்பாக்கியின் முனை ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சந்தானத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"சாப்பிடற அரிசியிலே போய் அதைச் சொருகறேளே!" என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

"பெட்டியிலே அடங்கலை. படுக்கையிலே சுருட்டினா முட்டிண்டு நிக்கறது. நான் எங்கேடி போவேன்?"

பவானிப்பூரில் அந்த வீட்டின் ஏழு குடித்தனக்காரர்களும் ஒரே ஆபீஸ் குமாஸ்தாக்கள். வேட்டைப் பைத்தியமான பெரிய துரை போன மாதம் சீமைக்குக் கப்பல் ஏறுமுன் சந்தானத்தைத் தனியே கூப்பிட்டு அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார். "உமக்கு மட்டும்தான். யாரிடமும் மூச்சு விடாதீர்" என்றார். வாங்கிய பெருமையில் லைசென்ஸ் ஞாபகமே சந்தானத்துக்கு வரவில்லை. இப்போதோ ஊரெல்லாம் வெடிகுண்டுப் பீதி. அகப்பட்டால் வேலையும் போகும், ஜெயிலும் நிச்சயம்.

போதாக்குறைக்கு வீட்டுக்கார கோஷ் பாபு, எல்லாக் குடித்தனத்தையும் சோதனை போட்டுத் துப்பாக்கி இருந்தால் போலீஸில் ஒப்படைக்கலாமா என்று கேட்டிருந்தார். குடித்தனக்காரர்கள் வோட்டுப் போட்டு முடிவு சொல்ல வேண்டும்.

மாடியில் ஏழு பேரில் மூத்தவரான மஹாதேவன் தலைமையில் கூட்டம் கூடியது.

"சோதனைக்குச் சம்மதிக்கறவா கையைத் தூக்குங்கோ" என்றார் மஹாதேவன்.

"ரகசிய வோட்டா வெச்சுக்கலாமே!" என்று சந்தானம் பதறிவிட்டார்.

"அதான் நியாயம்!" என்றார்கள் ஆறு பேரும் ஒரே குரலில்.

சம்மதத்துக்கு மொச்சை, மறுப்புக்குப் புளியங்கொட்டை என்று ஏற்பாடாயிற்று. வாயில் துணி போர்த்திய சொம்பு சுற்றி வந்தது. அப்போதுதான் சந்தானத்துக்கு உறைத்தது. ஆறு மொச்சைக்கு நடுவே ஒற்றைப் புளியங்கொட்டை கிடந்தால், இங்கே எவனிடமோ துப்பாக்கி இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மொச்சையைப் போட்டாலோ சோதனை. கண்ணை மூடிக்கொண்டு புளியங்கொட்டையைப் போட்டார்.

மஹாதேவன் துணியை எடுத்துவிட்டுச் சொம்பைத் தாம்பாளத்தில் மெல்லச் சாய்த்தார்.

முதலில் விழுந்தது புளியங்கொட்டை. சந்தானம் சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதும் புளியங்கொட்டை. மூன்றாவதும். ஏழும் புளியங்கொட்டை.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலைவர் மஹாதேவன் விசிறியால் வேகமாக விசிறிக்கொண்டார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி நாகலக்ஷ்மியின் குரல் கேட்டது.

"ஏன்னா, 'உமக்கு மட்டும்தான்'னு அந்தத் துரை ஏழு பேர்கிட்டேயும் சொல்லியிருக்கானே!"