மொச்சைக் குழம்புக்கு அரசு அங்கீகாரம்

உணவு என்பது மக்கள் நேரடியாக வாயில் போட்டுக்கொள்ளும் பொருள். அப்பேர்ப்பட்ட பொருளை இத்தனை காலம் வீட்டுப் பெண்கள் பொறுப்பிலேயே விட்டுவைத்தது எவ்வளவு பெரிய தவறு என்பது மேலிடத்துக்கு ஒருநாள் உறைத்தது. உடனே பாரம்பரியச் சமையல் மீட்பு இயக்கம் பிறந்தது. மீட்பு அலுவலர் சரவணகுமார், மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்தபடி ஜமுனாமரத்தூருக்கு ஏறிவந்து பொறுப்பேற்றார்.

தமிழரசிக்கு அந்த இயக்கத்தோடு உறவுமில்லை, பகையுமில்லை. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவளுடைய ரோட்டோர இட்லிக்கடையை இடித்துத் தள்ளிய பிறகுதான் உறவு வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய பாரம்பரிய உணவகத்தின் சாவி சரவணகுமாரிடம் இருந்தது. அது கிடைத்தால் பிழைப்பு. இல்லாவிட்டால் புருஷன் வெற்றிவேலோடு திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

"நிபந்தனை ரொம்ப சுலபம்மா. எல்லாத்தையும் நீங்களே வறுத்து, அரைச்சு, குடும்ப வழக்கப்படி சமைக்கணும். கைப்பக்குவம்தான் முக்கியம்" என்றார் சரவணகுமார். "ஆனா சுகாதார விதிப்படி கை படக்கூடாது."

"கை படாம எப்படி சார் கைப்பக்குவம் வரும்?"

"அதெல்லாம் உங்க பாரம்பரியத்துலயே இருக்கும். நல்லா தேடிப் பாருங்க."

தேடினாள். இத்தனை வருஷம் கடையில் பாக்கெட் மசாலாவைக் கொட்டித்தான் காலம் தள்ளியிருந்தாள். ஆனால் அம்மா அரைத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் கிடந்த அம்மியை வெற்றிவேல் உருட்டிவந்து கழுவிக் கொடுத்தான். கொத்தமல்லி விதையையும் காய்ந்த மிளகாயையும் வறுத்து, சின்ன வெங்காயம் சேர்த்து, ரப்பர் உறை மாட்டிக்கொண்டு அரைத்தாள். உறையில் பாதி கிழிந்து மசாலாவோடு சேர்ந்து அரைபட்டது. அதை வழித்துக் கொட்டிவிட்டு மறுபடி அரைத்தாள். தோள் ரெண்டும் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் மொச்சைக் குழம்பு கொதித்து வாசனை எழும்பியபோது பாவம், கண் கலங்கிவிட்டது.

"யோவ், அப்படியே எங்கம்மா குழம்புய்யா!" என்று கத்தினாள்.

சாமைச் சோற்றில் அந்தக் குழம்பைப் பிசைந்து சரவணகுமார் ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது.

"இது பாரம்பரியம் இல்லியேம்மா."

"இன்னா சார் சொல்றீங்க? எங்கம்மா இப்படித்தான் வெப்பாங்க."

"உங்கம்மா எப்படி வேணா வெச்சிருக்கலாம். பாரம்பரியம்னா எங்கம்மா வைக்கிற குழம்பு. அந்த மணம் இதுல இல்ல. நாளைக்குத் திறப்பு விழா. சந்தவாசல்லேர்ந்து எங்கம்மாவே வர்றாங்க. கடைசியா ஒரு வாய்ப்பு தர்றேன்."

மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு குண்டான் வைத்தாள். ஒன்று அம்மியில் அரைத்தது. இன்னொன்று பழையபடி பாக்கெட்டைக் கொட்டியது. மானமா சாவியா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டாவதை மேடைக்கு அனுப்பினாள்.

சரவணகுமார் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. "இதுதான்! ஆயிரம் வருஷத்து ருசி!" என்று மைக்கில் முழங்கி, சாவியை எடுத்து நீட்டினார். தமிழரசி வாங்கப்போகும் நேரம் பார்த்து அவருடைய அம்மா திரௌபதி ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"டேய் சரவணா, நம்ம வூட்டுக் குழம்புடா! ஏம்மா, நீயும் அந்த செவப்பு பாக்கெட்தான் போடுறியா?"

மைக் அணையாமல் இருந்தது.

"அம்மா... நீங்க அம்மியில அரைப்பீங்களே?"

"அம்மியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அது துணி தொவைக்கிற கல்லாப் போச்சு. அவசரத்துக்கு கத்திரிக்கோலைத் தேடிக்கினு இருப்பாங்களா? பாக்கெட்டைப் பல்லால கடிச்சுக் கிழிப்பேன், கொட்டுவேன். அவ்ளோதான்."

தமிழரசி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். போச்சு, சாவியும் போச்சு, மானமும் போச்சு! ஆனால் அலுவலர் என்பவர் தவறு செய்வதில்லை. சரவணகுமார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பொதுமக்களே! பெற்ற தாய் காலங்காலமாகச் செய்துவந்ததை விடப் பெரிய பாரம்பரியம் எது? ஆகவே இந்த உணவகத்தில் இனி பாக்கெட் மசாலா மட்டுமே பயன்படுத்தப்படும். அதைக் கத்திரிக்கோலால் வெட்டுவது கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது. முறைப்படி பல்லால் மட்டுமே கிழிக்க வேண்டும். கை படக்கூடாது என்ற சுகாதார விதியும் இதன்மூலம் முழுமையாக நிறைவேறுகிறது!"

சொன்ன கையோடு சாவியைத் தமிழரசியிடம் கொடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டல் மலையை அதிரவைத்தது. வேலூரிலிருந்து காரில் வந்திருந்தவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு திரௌபதியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பெரியம்மா, முன்பல்லாலயா, கடவாப்பல்லாலயா?"

"இன்னொரு தடவை கடிச்சுக் காட்டுங்க, வீடியோ சரியா விழல!"

கூட்டம் கலைந்ததும் தமிழரசி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அம்மியில் அரைத்த குழம்பைத் தட்டில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்று கண் கலங்கவைத்த அதே குழம்பு. ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"எப்படி இருக்குது?" என்றான் வெற்றிவேல்.

"நல்லாத்தான் இருக்குது. இன்னாவோ ஒண்ணு கொறையுது."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு பாக்கெட்டை எடுத்துக் கடவாய்ப்பல்லுக்குக் கொடுத்தாள்.