தாய்மாமன் ஏறிய கம்பம்

அரசாங்கம் போடும் விதிகளெல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்று நம்பும் ஆண்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். எங்கள் ஊரான டத்தோ கிராமாட்டில் அந்தப் பத்துப் பேருக்கும் சேர்த்து நான் ஒருவனே போதுமானவனாக இருந்தேன்.

எங்கள் வீட்டில் மழை வந்தால் கரண்டு போகும். அதனால் கார் நிற்கும் கூரைமேல் இரண்டு சோலார் தகடுகள், உள்ளே ஓர் இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி என்று ஆன்லைனில் வாங்கி நானே மாட்டினேன். (புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். மெஷின் நின்றால் டெக்னீஷியனைக் கூப்பிடுவேன். அந்த அனுபவம் போதாதா?)

என் மனைவி கலாவின் அண்ணன் சேகர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மின்கம்பம் ஏறிப் பழுது பார்ப்பவர் அவர். கீழே நின்று பேசினாலும் கம்பத்தின் மேலிருந்து கத்துவதுபோலத்தான் இருக்கும்.

“மாப்ள, இதுக்கு அப்ரூவல் வாங்கணும் லா! லைசன்ஸ் உள்ள ஒயர்மேன்தான் மாட்டணும். ஒங்க கரண்டு வெளிய போகாம தனி சுவிட்ச் வெக்கணும். வெளயாட்டுன்னு நெனச்சிட்டீங்களா?”

“ரெண்டு லைட்டு, ஒரு பேனு. இதுக்குப் போயி அப்ரூவலா மச்சான்?”

என் வீட்டுக் கரண்டு ஏன் வெளியே போகப்போகிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மகள் யாழினிக்குக் காது குத்தும் நாள் வந்தது. வீடு நிறைய உறவினர்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தானே காது குத்த வேண்டும்? அன்று பார்த்து, வரிசையின் கடைசியில் இருக்கும் எங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் கரண்டு போய்விட்டது. பழுது பார்க்க வந்தது மச்சானேதான்.

“தெரு மூலையில இருக்குற கம்பத்துலதான் கோளாறு. லைன வெட்டிட்டேன். அரை மணி நேரம் லா, முடிச்சிட்டு அப்படியே வந்து மடியக் குடுக்குறேன்” என்று போனில் சொன்னார்.

உறவினர்கள் வியர்வையில் நனைந்தார்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்து நானே செய்த ஒயரை எடுத்தேன். ஒரு முனை இன்வெர்ட்டரில், மறுமுனை சுவரிலிருந்த சாக்கெட்டில். விளக்கு எரிந்தது, பேன் சுழன்றது, எல்லோரும் கைதட்டினார்கள். (நான் கைகூப்பி ஏற்றுக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.)

அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு மேல் தலையை நீட்டி, “ஒங்க சோலார் ரொம்ப பவர் லா! என் வீட்டு பேனும் சுத்துது!” என்று மலாயில் பாராட்டினார்.

“பரவால்ல ஆன்ட்டி, எடுத்துக்குங்க” என்று மலாயிலேயே தாராளமாகச் சொன்னேன். எந்த வழியாக அங்கே போனது என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

அப்போதுதான் தெரு மூலைக் கம்பத்திலிருந்து அலறல் கேட்டது.

“எவன்டா அது கரண்டு வுடுறவன்!”

வாசலுக்கு ஓடினேன். ஏணியின் உச்சியில் மச்சான். அவரே வெட்டிவிட்ட லைனைப் பிடிப்பதற்கு முன், வழக்கப்படி, கரண்டு இருந்தால் எரியும் டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். செத்துக்கிடக்க வேண்டிய லைனில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்திருக்கிறது. நான் சுவரில் விட்ட கரண்டுதான் அடுத்த வீட்டையும் தாண்டி அந்த லைனுக்குப் போயிருந்தது. உள்ளே பாய்ந்து இன்வெர்ட்டரை அணைத்தேன்.

மச்சான் இறங்கி வந்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

“இன்னும் ஒரு சாண்தான் மாப்ள, லைனத் தொட்டிருப்பேன்” என்றார், அவர் வாயில் நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில்.

கலா என்னைப் பார்த்தாள். “எங்கண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, புள்ளய யாரு மடியில ஒக்கார வெச்சிருப்பீங்க?”

பேன் இல்லாமலே காது குத்தினோம். யாழினியைவிட நான்தான் அதிகம் அழுதேன். மகள் மேல் எவ்வளவு பாசம் என்று உறவினர்கள் உருகினார்கள்.

இப்போது அனுமதி, ஒயர்மேன், தனி சுவிட்ச் எல்லாம் முறைப்படி இருக்கின்றன. ஆனாலும் நான் காப்பி நீட்டினால் மச்சான் உடனே வாங்கமாட்டார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கோப்பையைத் தொட்டுப் பார்ப்பார். “மாமா, அப்பாவயும் செக் பண்ணுங்க!” என்பாள் யாழினி. டெஸ்டர் என் நெற்றிக்கு வரும். வீடே சிரிக்கும்.

நானும் சிரிப்பேன், அது எரியவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு.