மடங்கக் கூடாத விரல்

"மடக்கிட்டீங்களா?" என்றாள் நர்ஸ் ரிசோலத்.

"லேசாத்தாம்மா" என்றார் துர்குன்.

"லேசா மடங்கினாலும் மடங்கினதுதான். மறுபடி முதல்லேருந்து எட்டு வாரம்."

துர்குன் தன் வலது கைச் சுட்டுவிரலைப் பரிதாபமாகப் பார்த்தார். நுனியைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் அறுந்த விரல் அது. எட்டு வாரம் கட்டை வைத்துக் கட்டி நேராகக் கிடந்தால் தானே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரே ஒரு தடவை மடங்கினால் போச்சு, ஒட்டியதும் பிய்ந்துவிடும்.

மனுஷர் பிழைப்போ முடிவெட்டுவது. இடது கையால் ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் கிருதா நின்றது, மறுபக்கம் காதுக்கு மேலே ஒன்றுமில்லை. அன்றோடு கடைக்குப் பூட்டு.

அதுகூடப் பெரிதில்லை. விரல் நசுங்கிய விதம்தான் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

குளிர்காலத் தொடக்கத்தில் அண்ணன் எர்காஷ் சாப்பிட வந்திருந்தார். புலாவில் கேரட் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். அவ்வளவுதான் சொன்னார். எங்கள் உஸ்பெக் ஊர் மர்கிலானில் ஒருவன் மீசையைக் குறை சொல்லலாம், புலாவைச் சொல்லக் கூடாது. துர்குனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் கை புலாவைத்தான் அப்பா கடைசிவரைக்கும் சாப்பிட்டாரு. அவரு படுத்துக் கிடந்தப்ப நீ எங்க இருந்த?"

எங்கே இருந்தார்? ரஷ்யாவில், பனியில், செங்கல் சுமந்துகொண்டிருந்தார். அப்பாவின் மருந்தெல்லாம் அந்தச் செங்கல்தான். துர்குனுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தே சொன்னார். வாய் முந்திக்கொண்டது.

எர்காஷ் எழுந்து வாசலுக்குப் போனார். துர்குன் பின்னாலேயே ஓடினார். தடுக்கவா, இன்னும் திட்டவா என்று அவருக்கே தெரியாது. இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நடுவில் விரல்.

மறுநாள் மனைவி மலோஹத் ரொட்டிக் கடையிலிருந்து சேதி கொண்டுவந்தாள்.

"ஏங்க, பெரியவரு ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் பண்ணிட்டாராம். இனிமே நம்ம வாசலை மிதிக்க மாட்டாராம்."

"ரொட்டியைத் தொட்டா?"

"ரொட்டியைத் தொட்டுத்தான். போதுமா? கேரட்டு கேரட்டுன்னு குதிச்சீங்களே, இப்ப உக்காந்து நல்லாத் தின்னுங்க கேரட்டு."

ரொட்டியைத் தொட்டுச் செய்த சத்தியத்தை எங்கள் பக்கம் திருடன்கூட மீறமாட்டான். துர்குன் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

சரி, அவர் வராவிட்டால் நாம் போவோம் என்று தேநீர்க் கடையில் அண்ணனைப் பிடித்தார். முறைப்படி வலது கையை நெஞ்சில் வைத்து, குனிந்து, "சலாம் அண்ணே" என்றார். கை நெஞ்சில்தான் இருந்தது. கட்டை கட்டிய விரல் மட்டும் விறைத்துக்கொண்டு நேரே அண்ணன் முகத்தைச் சுட்டியது.

"பெரியவன் மூஞ்சிக்கு நேரா விரலை நீட்டறான் பாரு!" என்றார் ஒரு கிழவர்.

எர்காஷ் அந்த விரலையே பார்த்தார். முகம் கறுத்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவசரமாகக் கையை அங்கிக்குள் திணித்ததில் துர்குனின் விரல் மடங்கியது. ரிசோலத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அதற்குத்தான்.

அடுத்த தடவை துர்குன் யோசித்துச் செய்தார். நவ்ரோஸ் என்னும் வசந்தப் புத்தாண்டு முடிந்த சமயம், பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். விடியற்காலையில் ஆண்களுக்குப் புலாவ் விருந்து. இரண்டு பேருக்கு ஒரு தட்டு. தெருப் பெரியவரைக் கெஞ்சி அண்ணனோடு ஒரே தட்டில் இடம் பிடித்துவிட்டார்.

"அவரு பேசாட்டியும் நீ பேசு. தேநீர் ஊத்திக் குடு. கல்லும் கரையும்" என்றார் பெரியவர்.

எங்கள் ஊரில் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். குடித்துவிட்டு இன்னும் கேட்கட்டும், இன்னும் கொஞ்சம் உட்காரட்டும் என்பதற்காக. விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

இடது கையால் ஊற்றினால் மரியாதை இல்லை. துர்குன் வலது கையால் கெட்டிலைத் தூக்கினார். விறைத்த விரல் மூடியில் இடித்தது. கெட்டில் சாய்ந்தது. கிண்ணம் பாதி, முக்கால், முழுசு... அதோடு நிற்காமல் வழிந்து விரிப்பில் ஓடியது.

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சொந்த அண்ணனையே கிளப்புறான்யா! அதுவும் அடுத்தவன் வீட்டுப் பந்தியில!" என்றார் அதே கிழவர்.

"ஐயையோ, இல்லண்ணே! விரல்..." துர்குன் கெட்டிலை இழுத்துப் பிடித்தார். விரல் மறுபடி மடங்கியது. வலியில் "அல்லாஹ்!" என்று கத்திவிட்டார்.

எர்காஷ் விருட்டென்று எழுந்தார். கண்கள் சிவந்திருந்தன. யாரையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

"மறுபடி முதல்லேருந்து" என்றாள் ரிசோலத். இந்த முறை கட்டையைக் கொஞ்சம் பலமாகவே கட்டினாள்.

முசுக்கொட்டை பழுத்து உதிரும் காலம் வந்தது. கட்டு அவிழ இன்னும் ஒரு வாரம்தான். ஆனால் துர்குனுக்கு விரல் மேல் நினைப்பே இல்லை. அவர் வீட்டு வாசலையும், இரும்புக் கதவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் திடீரென்று எழுந்தார்.

"மலோஹத், இந்தக் கதவைக் கழட்டப் போறேன்."

"எதுக்கு? வெயில் தாங்கலையா?"

"எங்கண்ணனுக்கும் எனக்கும் நடுவுல சாத்தின கதவு எனக்கு வேண்டாம். அவரு சந்தைக்குப் போறப்ப பார்க்கட்டும். என் வாசல் எப்பவும் திறந்துதான் கிடக்குன்னு தெரியட்டும்."

"உங்களுக்கு விரல்ல அடியா, தலையில அடியா?"

கழற்றியே விட்டார். ஐந்து நிமிஷத்தில் எதிர்வீட்டு வான்கோழிகள் குடும்பத்தோடு உள்ளே வந்து மலோஹத்தின் கொத்தமல்லிப் பாத்தியில் குடியேறின. அவள் துடைப்பத்தோடு துரத்திக்கொண்டிருந்த அதே நேரம், எர்காஷ் தெருமுனையில் வந்தார். சுவரில் சாய்ந்து நின்ற கதவைப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியைப் பார்த்தார். ரத்தம் வடிந்ததுபோல் முகம் வெளுத்தது. அப்படியே திரும்பி, வந்த வழியே வேகமாகப் போனார்.

"அண்ணே!" துர்குன் ஓர் அடி எடுத்து வைத்தார். கதவு சரிந்தது. இரண்டு கையாலும் அதைத் தாங்கினார்.

விரலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

மருத்துவமனையில் ரிசோலத் கட்டைப் பிரித்தாள். தொங்கிக் கிடந்த விரல் நுனியைப் பார்த்தாள். திட்டவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டாள்.

"கட்டும்மா" என்றார் துர்குன், கையை நீட்டி. "கட்டாட்டியும் சரி. கோணலாவே கிடக்கட்டும். விரல் போனாப் போகுது, எனக்கு அண்ணனே போயிட்டாரு. நான் சொன்ன சொல்லு அப்படி. எத்தனை தடவை போய் நின்னாலும் அவரு மனசு இரங்க மாட்டேங்குது."

ரிசோலத் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காரு. இனிமே என்னால முடியாதுண்ணா. உங்கண்ணன் வாராவாரம் இங்க வந்து, விரல் எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போறாரு. அந்தக் கதவை இழுத்துச் சாத்தினது அவர்தானாம். தம்பி பிழைப்பையே நசுக்கிட்டேன்னு இதே நாற்காலியில உக்காந்து அழுதாரு. என் சாப்பாட்டு ரொட்டியைத் தொட்டு அவர் பண்ணின சத்தியத்தை ஊரு பாதிதான் சொல்லுது. 'அந்த விரல் நேராகுற வரைக்கும் என் தம்பி வாசலை மிதிக்க மாட்டேன்'கிறதுதான் முழுசு. நீங்க மட்டும் சமாதானம் பேசக் கிளம்பாம வீட்டுல சும்மா கிடந்திருந்தா, அவர் நவ்ரோஸுக்கே வந்திருப்பாருண்ணா!"