எல்லா வண்டியும் வந்துட்ச்சு சார்

ஒரு வேலையைப் பத்து வருடம் பார்த்துவிட்டால், உலகத்து வேலையெல்லாம் அதே மாதிரிதான் நடக்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நான் டாக்குமென்ட் கிளார்க். கன்டெய்னர்களைக் காகிதத்தில் கொழும்புக்கு அனுப்புவேன், துபாய்க்கு அனுப்புவேன், சிங்கப்பூருக்கு அனுப்புவேன். நான் மட்டும் எர்ணாவூர் வீட்டுக்கும் ராயபுரம் ஆபீசுக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் மலிவு டிக்கெட் விமானங்கள் வர ஆரம்பித்தபோது, அம்மாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். அம்மா இருபது வருடமாக ஒரு மிளகாய் குடோனில் மூட்டைக்கு வாய் தைக்கிறவள். கோணி ஊசியும் சணலும்தான் ஆயுதம். மூட்டை மேல் கறுப்பு மையில் கிளி மார்க், அதன் கீழே ஆங்கிலத்தில் சிங்கப்பூர் என்று அச்சு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லை எந்தச் சுவரில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"நான் தெச்ச வாய அங்க எவன் பிரிக்கிறான்னு ஒரு தபா பாக்கணும் நைனா," என்பாள். நான் தலையெடுத்த பிறகு அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஆறு வாரம் திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் குடியிருந்தேன். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. நான் ஆசைப்படுவது தெரிந்துதான் ஏற்றுகிறார்கள் என்று தோன்றவே, கேபின் மாறி உட்கார்ந்து தேடினேன். (ஒருநாள் தொப்பி போட்டுக்கொண்டும் போனேன். அந்தக் கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது.) கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விலை இறங்கியது. மேனேஜரின் கிரெடிட் கார்டைக் கடன் வாங்கி, இரண்டு டிக்கெட் போட்டேன். மூன்று நாள் பயணம். பணம் திரும்ப வராது, தேதி மாற்ற முடியாது, ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும். விட்டால் இன்னொரு முறை எடுக்க எனக்கு வக்கில்லை. அம்மாவுக்கும் அது தெரியும்.

ஏழு கிலோவைச் சரிபார்க்கத் தெருமுனைக் காயலான் கடைத் தராசில் பைகளை வைத்தேன். கடைக்காரர் வழக்கப்படி, "இரும்பா, பித்தளையா?" என்றார். அம்மாவின் முறுக்கு டப்பாவால் ஒரு பை எட்டு காட்டியது. முறுக்கை விட அம்மா சம்மதிக்கவில்லை, என் பேன்ட் ஒன்று வெளியே போனது.

பிறகு ஃபைல் தயாரித்தேன். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், விடுதி ரசீது, எல்லாவற்றுக்கும் ஏழு ஏழு நகல், மேலே ஒரு பட்டியல். கன்டெய்னருக்குச் செய்வதை அப்படியே அம்மாவுக்கும் செய்தேன்.

ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போவது என்ற பேச்சு வந்தபோது அம்மா சொன்னாள், "திருவொத்தியூர்ல ட்ரெயின் ஏறுனா பீச்சு. பீச்சுல மாறுனா திருசூலம். எறங்குனா எதுத்தாப்புல ஏர்போட்டு."

"சிங்கப்பூர் போறவன் லோக்கல் ட்ரெயின்லயா போவான்? இன்னாம்மா நீ," என்றேன். வேன் பேசினேன். வழியனுப்பத் தெருவே வரும்போது ரயில் எப்படிப் போதும்?

இனி என் புத்திசாலித்தனத்தின் உச்சத்துக்கு வருகிறேன். நான் லீவில் இருக்கும் மூன்று நாளில் பதினொரு கன்டெய்னர் ஹார்பருக்குள் போகவேண்டும். வழக்கமாக வண்டிகள் இரவும் பகலுமாகப் பிரிந்து போகும். அப்படிப் போனால் சந்தேகம் கேட்டு எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும், வெளிநாட்டில் போனை எடுத்தால் காசு. ஆகவே டிரைவர்களை வரவழைத்து உத்தரவு போட்டேன். "நான் கிளம்புற அன்னிக்குக் காலைல ஒம்போது மணிக்குள்ள பதினொரு வண்டியும் ரோட்ல இருக்கணும். ஒண்ணு கொறையக் கூடாது."

அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மதியம் ஒரு மணிக்கு விமானம், பன்னிரண்டே காலுக்குக் கவுன்ட்டர் மூடும். ஒன்பது மணிக்கு வேன் கிளம்பியது. உள்ளே பதினான்கு பேர், என் கழுத்தில் ஆளுயர மாலை. எண்ணூர் விரைவு சாலையில் திருவொற்றியூரைத் தொடுவதற்குள் வேன் நின்றது. முன்னால் டிரெய்லர்கள், மூன்று வரிசையாக, முட்டிக்கொண்டு நின்றன. அரை மணி நேரம் ஒரு சக்கரமும் உருளவில்லை.

எவன்டா இத்தனை வண்டியை ஒரே நேரத்தில் விட்டது என்று கேட்க, மாலையோடு இறங்கிப் போனேன். முதல் டிரெய்லரில் இருந்து காசி அண்ணன் எட்டிப் பார்த்தார். எங்கள் ஆபீஸ் வண்டி ஓட்டுபவர். முகமெல்லாம் பெருமை.

"எல்லா வண்டியும் வந்துட்ச்சு சார். ஒண்ணு கொறையல."

அவர் காட்டிய பக்கமெல்லாம் பார்த்தேன். எங்கள் பதினொன்றும், ஏற்கெனவே நின்ற வரிசையோடு சேர்ந்து, சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு ஜன்னலில் இருந்தும் ஒரு கை எனக்கு சலாம் வைத்தது. எனக்கு அழுகை வந்தது. அதை நான் சிரிப்பாக மாற்ற முயன்றதில் இருமல் வந்தது.

"சார், இன்னிக்குத்தான அம்மாவ இட்டுகினு போற? ஏன் இங்க நிக்கிற?" என்றார் காசி அண்ணன்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டவில்லை அந்த மனிதர். ஒரு விசில் அடித்தார். "ரோட்டுக்கு அந்தாண்ட போனா ஷேர் ஆட்டோ புடிச்சு ஸ்டேஷன் போய்க்கலாம். வண்டிக்கு நடுவுல பூந்து போவ முடியாது. உள்ளாற ஏறி அந்தப் பக்கம் எறங்கு."

அப்படித்தான் நடந்தது. காசி அண்ணன் வண்டியின் ஒரு கதவில் அம்மாவை ஏற்றி, மறு கதவில் இறக்கினார்கள். அடுத்த வரிசையில் ஒன்று, அதற்கடுத்து இன்னொன்று. வேனில் வந்தவர்கள் அங்கிருந்தே கையாட்ட, பட்டுப்புடவை கட்டியிருந்த அம்மா மூன்று கேபின்களைக் கடந்தாள், பின்னால் நான். ஒவ்வொரு டிரைவரும், "பாத்து தாயி, கிரீஸ் கீது," என்றார்கள். கிரீஸ் ஒன்றையும் புடவை விட்டுவைக்கவில்லை. அதற்குள் ஒரு கிளீனர் ஓடிப்போய் ஷேர் ஆட்டோவை மடக்கி, உள்ளே இருந்தவர்களிடம் கெஞ்சி இடம் வாங்கியிருந்தார்.

ரயில் தண்டையார்பேட்டையைத் தாண்டும்போது அம்மா கேட்டாள், "பை எங்க?"

ஏறும்போது வைத்த இரண்டு பையும் காசி அண்ணன் கேபினிலேயே நின்றுவிட்டன. என் கக்கத்தில் ஃபைல் மட்டும் இருந்தது. நான் இறங்கப் போனேன்.

"பைக்கா டிக்கெட்டு எடுத்த? குந்து," என்றாள் அம்மா. குந்தினேன். மாலை இன்னும் கழுத்தில்தான் இருந்தது. பீச் ஸ்டேஷனில் ஒருவர், எந்த வார்டில் நிற்கிறீர்கள் என்று விசாரித்தார்.

பன்னிரண்டு பத்துக்குக் கவுன்ட்டரைத் தொட்டோம். அந்தப் பெண் கேட்டார், "லக்கேஜ்?"

"இல்லை."

"கைப்பை?"

"இல்லை."

"மூணு நாளைக்கா போறீங்க?"

பதிலுக்கு ஏழு நகலையும் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவின் புடவையைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். பிறகு சீட்டு கொடுத்துவிட்டார். அவர் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

சிங்கப்பூரில் இறங்கியதும் ஓர் அதிகாரி, பை இல்லாமல் ஏன் வந்தீர்கள் என்றார். நான் ஃபைலைப் பிரித்தேன். தமிழ் தெரிந்தவர் அவர். அம்மாவே அவரிடம் சொன்னாள், "மொளகா மூட்ட பாக்க வந்தேன்பா." அவர் சிரித்து முத்திரை குத்தினார்.

ஒரே சட்டையில் மூன்று நாள் சுற்றினேன். உயர்ந்த கட்டடங்களை அம்மா சீந்தவில்லை. தேக்கா மார்க்கெட் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினோம். இரண்டாம் நாள் ஒரு மளிகைக் கடை வாசலில் கிளி மார்க் மூட்டை இருந்தது. கடைக்காரர் கத்தியை எடுத்து அதன் வாயை அறுக்கப் போனார்.

"நிறுத்து," என்று போய்க் கையைப் பிடித்துவிட்டாள் அம்மா. "இத்தினி வருஷமா கத்தியாலயா அறுத்துகினு கீறீங்க? கோணி கியிஞ்சி போவுமே." கடைசி முடிச்சை நெருடி, வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். மொத்தத் தையலும் சரசரவென்று அவிழ்ந்து கையோடு வந்தது. கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ தெச்சதாம்மா?" என்றேன்.

"என்துல்ல. பக்கத்துல குந்துவாளே ராணி, அவளுது. கோணலா கீது பாரு." சொல்லிக்கொண்டே சணலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையது மிளகாய் நெடியால் என்று சொல்லிவைத்தேன்.

திரும்பி வந்தபோது ஏர்போர்ட் வாசலில் காசி அண்ணன் இரண்டு பையோடு நின்றார். திருசூலம் வரை ரயிலில் வந்திருக்கிறார். "பை ஒம்போது தபா ஹார்பருக்குள்ள போய்ட்டு வந்துட்ச்சு சார். முறுக்க மட்டும் பசங்க துன்னுட்டானுங்க, தப்பா நெனக்காத." அவர் காலில் விழவேண்டும் போல் இருந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. அந்த மூன்று நாளை எனக்குக் கொடுத்தவர்கள் அவரும், பெயர் தெரியாத அந்தக் கிளீனரும்தான். கெடுக்கப் பார்த்தவன் நான் ஒருத்தன்.

ராணி அக்கா அந்தச் சணலைப் பார்த்து ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை, கோணல் என்று சொன்னதற்காக. என் வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது திட்டம் போட ஆரம்பித்தால், என் தங்கை பிள்ளைகள் சலாம் வைத்து, "எல்லா வண்டியும் வந்துட்ச்சு சார்," என்கிறார்கள்.

இப்போது எங்கள் எர்ணாவூரை ஒட்டிய விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட்டுக்கே நேராக மெட்ரோ ஓடுகிறது. முதல் முறை அம்மாவை அதில் கூட்டிப்போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏர்போர்ட் வரும்வரை ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்:

"நான் அன்னிக்கே சொன்னேன். கவருமென்ட்டு கேட்டுகிச்சு. நீதான் கேக்கல."