கெர்வின் பாஸ்கோ மூழ்கிய ஞாயிற்றுக்கிழமை

கப்பல் தலைவர்களில் இரண்டு வகை உண்டு. கடலுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. இன்னொரு வகையினர், வீட்டுப் பின்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சிவப்பு பல்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, கணினிக்குள் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுகிறவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள். இருபது வருடத்துக்கு முன் வந்த விளையாட்டை ஓட்டுவதற்காகவே ஒரு பழைய கணினியைக் கைக்குழந்தை மாதிரி காப்பாற்றி வருகிறவர்கள். "அந்த மாதிரி இனிமே வராது" என்பார்கள், அடுத்த மூச்சிலேயே "புதுசு எப்ப வரும்?" என்பார்கள். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்டுவிடாதீர்கள். டார்பிடோ உங்கள் மேல் பாயும்.

கெர்வின் பாஸ்கோ இந்த இனத்தில் முதல் தரம். ஆஸ்திரேலியாவின் ஹோல்புரூக்கில் டிராக்டர் உதிரிப்பாகக் கடையில் வேலை. கடலைப் பார்க்க அரை நாள் காரோட்ட வேண்டிய ஊர். ஆனால் பூங்காவில் புல்தரை நடுவே நிஜ நீர்மூழ்கி ஒன்று நிற்பதால், கெர்வினின் பழக்கம் அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படுவதில்லை. மனைவி நோலீனைத் தவிர.

"கெர்வின்! உள்ள இருக்கியா?"

கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"பேசினா எதிரிக்குக் கேட்டுருமாக்கும்! குப்பைத் தொட்டிய யாரு வெளிய வைக்கிறது? எதிரியா?"

பதினொரு வருடமாகக் கெர்வினை ஒருவனும் மூழ்கடித்ததில்லை. அதனால் இவரைப் போன்ற தலைவர்கள் கூடும் இணைய மன்றத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். எப்பேர்ப்பட்ட மன்றம் என்கிறீர்கள்! எங்கோ ஒரு விளையாட்டு நிறுவனத்து ஊழியர் தன் பிறந்தநாள் படத்தைப் போட, அவர் தோளுக்குப் பின்னால் ஒரு குழாய் தெரிய, அது பெரிஸ்கோப்பா இல்லையா என்று அறுபது பக்கம் விவாதித்து, பெரிஸ்கோப்தான், புது விளையாட்டு வரப்போகிறது என்று தீர்ப்பும் எழுதி, இரண்டு வருடம் காத்திருந்த கூட்டம். அது பாத்திரம் கழுவுகிற குழாய்.

அந்த மன்றத்துக்குப் போன வருடம் மார்ச்சில் டாம்சின் என்ற பெண் வந்தாள். பக்கத்து ஊரான ஆல்பரிக்காரி. ஒரே ஒரு நண்பனோடு மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு நீர்மூழ்கி விளையாட்டை உருவாக்கி, வெள்ளோட்டமாக அங்கே வைத்து, ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள். கெர்வின் ஆடவில்லை. அவள் போட்டிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்து, எண் போட்டு, நூற்று முப்பத்தேழு குறைகள் எழுதினார். கப்பல் மூடியைத் திறக்கும் சக்கரம் தப்பான பக்கம் சுற்றுகிறதாம். சமையற்காரரின் சட்டையில் ஒரு பொத்தான் அதிகமாம். அலையின் நுரை அட்லாண்டிக் நுரையாகவே இல்லையாம். தலைவரே சொல்லிவிட்டார் என்று மற்றவர்களும் வரிசையில் வந்து ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களும் ஆடவில்லை.

அடுத்த ஞாயிறு பகல், மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் ஒரு பெண் நின்றாள்.

"கெர்வின் நீங்கதானா? நுரை போடத் தெரியாதவ நான்தான்."

கெர்வின் ஓரடி பின்வாங்கினார். எழுத்தில் கர்ஜிக்கிறவர்களுக்கு எதிரே ஆள் வந்து நின்றால் அப்படித்தான்.

"வாம்மா உள்ள," என்றாள் நோலீன். "இவரத் தேடி நிஜ மனுஷங்க வந்தே ரொம்ப நாளாச்சு."

"சண்டை போட வரல," என்றாள் டாம்சின். "வெள்ளிக்கிழமையோட இத மூடிடப் போறோம். உங்க ஆளுங்களுக்காகத்தான் செஞ்சோம். அவங்களே வேணாம்னுட்டா அப்புறம் யாருக்கு? மூடறதுக்கு முன்னாடி நீங்க ஒரே ஒரு தடவ ஆடறதப் பாக்கணும். அவ்ளோதான்."

கெர்வின் உட்கார்ந்தார். குறை சொல்லத் தொண்டையைக்கூடக் கனைத்துக்கொண்டார். ஆனால் எதிரிக் கப்பல் எந்தப் பக்கமிருந்து வரும்? பழைய விளையாட்டில் அவருக்குத் தெரியும்: மூன்றாவது நிமிடம், வடகிழக்கு, இரண்டு கப்பல். பதினொரு வருடமாக அதே வடகிழக்கு, அதே இரண்டு. தன் வீரம் வெறும் மனப்பாடம் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. இங்கே தெற்கிலிருந்து ஒருவன் வந்தான். கெர்வின் அவசரமாக ஆழத்துக்கு இறங்கினார். தலைக்கு மேல் இயந்திரச் சத்தம் நெருங்கியது, விலகியது, மறுபடி நெருங்கியது. நாற்பது நிமிடம். இறைச்சி ரோஸ்ட் ஆறுகிறது என்று சொல்ல வந்த நோலீன், அவர் தூக்கிய விரலைப் பார்த்து நின்றாள்.

"போயிட்டானா?" என்று அவளே கிசுகிசுத்தாள்.

"ஷ்... திரும்பி வர்றான்."

வந்தான். வெடித்தது. திரை இருண்டது. கெர்வினின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"செத்துட்டேன்," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நோலீன், நான் செத்துட்டேன்!"

"பாத்தேன். கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இவ்ளோ சந்தோஷமா இல்ல."

"அப்போ அந்த நூத்தி முப்பத்தேழு?" என்று டாம்சின் கேட்டாள்.

கெர்வின் யோசித்தார். "நூத்தி முப்பத்தாறுன்னு வெச்சுக்கோ. நுரை நல்லாத்தான் இருக்கு."

சாப்பிட்டு முடித்ததும் மன்றத்தில் எழுத உட்கார்ந்தார். ஐந்து தடவை எழுதி அழித்தார். பதினொரு வருடத்து மதிப்பு அல்லவா! கடைசியில் எழுதினார்: "ஆடாமலேயே குறை சொன்னேன். தப்பு. இன்று ஆடினேன், மூழ்கினேன். நீங்களும் ஆடிப் பாருங்கள்."

தலைவர் விலைபோய்விட்டார் என்று பாதிப் பேர் கத்தினார்கள். மீதிப் பேர், அவர் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே ஆடினார்கள். வரிசையாக மூழ்கினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அறுநூறு பேர் மூழ்கி, இன்னும் வேண்டும் என்று கேட்டதால், டாம்சின் மூடவில்லை. விளையாட்டு முழுசாக வெளிவந்தது. இந்த வருடம் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது.

கெர்வின் அதை ஆடுகிறாரா? எங்கே! அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டத்தைப் பத்திரப்படுத்தி, புதுமை எதுவும் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்று இணையத் தொடர்பையும் பிடுங்கிவிட்டு, அதையேதான் ஆடிக்கொண்டிருக்கிறார். டாம்சின் போன் செய்தால், "மொதல்ல வந்துச்சே, அதுல ஒரு உயிர் இருந்துச்சும்மா. அந்த மாதிரி இனிமே வராது," என்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணாவது எப்ப வரும்?"

சிரிக்கிறீர்கள். நீர்மூழ்கியைப் படத்தில் மட்டுமே பார்த்த உங்களுக்கு இதில் சம்பந்தமில்லைதான். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: இதைப் படிக்கும்போது எங்கேயாவது ஓரிடத்தில், 'கேலி எழுத்தெல்லாம் அந்தக் காலத்தோடு போச்சு' என்று நினைத்தீர்களா, இல்லையா? நினைத்திருந்தால் வாருங்கள். கெர்வின் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து உங்களுக்கும் இடம் தருவார்.