எதிர்ப்புக்காக விளையாடிய அப்பா

எதிரியின் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து அதைக் கவிழ்ப்பது என்று தீர்மானித்தேன். எதிரி, குழந்தைகள் காப்பகத்தில் நடந்த பெற்றோர் பயிற்சி. அதற்கு என் பேரைக் கொடுத்தது என் மனைவி.

ஆலை வாசலில் நான் வாயைத் திறந்தால் முதலாளியின் கார் பின்வாசல் தேடும். தொழிற்சங்கத் துண்டறிக்கை படித்தே உலகம் கற்றவன் நான். எனக்கா அப்பாவாக இருக்கப் பயிற்சி? ஆனால், நான் வீட்டுக்குள் நுழைந்தால் என் நாலு வயது மகள் கட்டிலுக்கடியில் நுழைவாள். காலம் கடந்து பிறந்த ஒரே பிள்ளை. ஒருநாளும் என் மடிக்கு வந்ததில்லை.

"உங்க குரலுக்குத்தான் பயப்படுறா."

"இந்தக் குரல் சங்கத்தோட சொத்து!"

"அப்ப சங்க ஆபீஸ்லயே பூட்டி வச்சிட்டு வாங்க."

முதல் வகுப்பில் சொற்பொழிவே இல்லை. அவரவர் பிள்ளையோடு பத்து நிமிடம் விளையாட வேண்டும். பயிற்சி தரும் அம்மா பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவார். கட்டளை, கேள்வி, போதனை கூடாது. பிள்ளை செய்வதைச் சொல்லலாம், நல்லதைப் பாராட்டலாம். வீட்டிலும் தினமும் இதே.

மகள் மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டினாள். செங்கல் சுமந்தவன் யார், குடியிருப்பவன் யார் என்று விளக்க ஆரம்பித்தேன். எழுந்து, ஓரமாக உட்கார்ந்திருந்த என் மனைவியிடம் போய்விட்டாள்.

"சார், பேச்சைக் குறைங்க," என்றார் பயிற்சி தரும் அம்மா.

"பேச்சுரிமையையா?"

வீடு திரும்பியதும் வெளிநடப்பு அறிவித்தேன்.

"தாராளமா வெளிநடப்பு பண்ணுங்க," என்றாள் மனைவி. "ஆனா, 'அவர் சொன்னபடி செய்யல, அதான் பலிக்கல'ன்னு அந்தம்மா தப்பிச்சுக்குவாங்க. ஆலையா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

சட்டென்று உறைத்தது. விதிப்படி வேலை! புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்தால் எப்பேர்ப்பட்ட ஆலையும் படுத்துவிடும். இந்தப் பயிற்சி எம்மாத்திரம்?

தினமும் தரையில் உட்கார்ந்தேன். "சிவப்புக் கட்டையை மேல வைக்கிற. பொறுமையா வைக்கிற, நல்லா இருக்கு." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பயிற்சி எப்போது நொறுங்கும் என்று காத்திருந்தேன். மகள் முதலில் எதிரே உட்கார்ந்தாள். பிறகு பக்கத்தில். ஒரு மாலை, கட்டை எடுக்க என் மேல் ஏறியவள் இறங்கவில்லை. இந்தச் சின்ன எடையை அறியாமலே இத்தனை நாள் ஊர் வாசல்களில் கத்தித் தீர்த்திருக்கிறேனே!

மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

"என்னங்க, பயிற்சி கவிழ்ந்துடுச்சா?"

"எல்லாம் உன் திட்டமா?"

"நான் எங்க திட்டம் போட்டேன்? பேர் கொடுக்கும்போதே அந்தம்மாகிட்ட சொன்னேன். இவரைச் செய்யச் சொன்னா செய்ய மாட்டார், கவிழ்க்கச் சொன்னா ஒரு வரி விடாம செய்வார்னு."

'துரோகம்' என்று முழங்க வாயைத் திறந்தேன். குழந்தை மடியில் தூங்கிவிட்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.